நல்லதம்பி மாஸ்டர் அடுப்பின் ராசி

"நான் அடுப்புப் பத்த வச்ச கல்யாணம் நின்னதா ஆலங்குடி தாலுகாவுலயே சரித்திரம் கிடையாது!"

சமையல் மாஸ்டர் நல்லதம்பி இதை டீக்கடை, டவுன் பஸ், இழவு வீடு என்று இடம் பாராமல் அறிவித்துவந்தார். ஆதாரமும் வைத்திருந்தார். மாலை போடவில்லை என்று கோபித்துக்கொண்டு வேனில் ஏறிய தாய்மாமனை, நெய்யில் முந்திரி வறுத்த வாசத்தாலேயே இறக்கிக் கூட்டிவந்தவர் அவர். புயல் பந்தலைத் தூக்கிப்போன கல்யாணத்தில்கூடக் குடைக்கடியில் தாலி ஏறியது. பாயசம்தான் சற்று நீர்த்துவிட்டது. அது வானத்தின் குற்றம்.

எனவே குணசேகரன் தம் மகள் காவ்யாவின் கல்யாணத்துக்கு வேறு ஆள் தேடவில்லை. மாப்பிள்ளை சிவபிரகாஷ் துபாயில் ஏசி மெக்கானிக். லீவு முடிவதற்குள் தாலி கட்டியாக வேண்டும்.

"கல்யாணம், வளைகாப்பு, பேர் வைக்கிறது, மூணுக்கும் நீங்கதான் மாஸ்டர். அடுத்த வருசமே பேரன் வந்துரணும்."

"காவ்யாவுக்கா? போன வருசம்தானப்பா அவ சடங்குக்குக் கறி ஆக்குனேன்?"

"அதான் பெரியவளாயிட்டாள்ல!"

இந்த மாபெரும் தர்க்கத்துக்குத் தலைவணங்கி மாஸ்டர் மளிகைப் பட்டியல் எழுத உட்கார்ந்தார்.

சிக்கனத்தில் குணசேகரனை மிஞ்ச ஆளில்லை. சடங்குக்கு அடித்த ஃபிளெக்ஸையே பந்தல் வாசலில் கட்டி, 'பூப்புனித நீராட்டு விழா' என்ற வரியின்மேல் 'திருமண விழா' என்று காகிதம் ஒட்டியிருந்தார். அதில் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் அப்படியே முறைத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத்தான் இடமில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, மருதாணிக் கையோடு காவ்யா சமையல் கொட்டகைக்கு வந்தாள்.

"பெரியப்பா, நீங்க அடுப்புப் பத்த வச்சா கல்யாணம் நிக்கவே நிக்காதாமே?"

"யாருத்தா சொன்னா?" மாஸ்டரின் கை தானாக மீசைக்குப் போனது.

"நீங்கதான். ஊருக்கே சொல்லியிருக்கீங்கள்ல. அப்ப பத்த வைக்காதீங்க பெரியப்பா. நான் பிளஸ் ஒன் போகணும். பக்கத்து வீட்டுச் செவந்தி அக்கா மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு."

மீசையிலிருந்து கை இறங்கியது. செவந்தி கல்யாணத்துக்கும் அவர்தான் மாஸ்டர். பதினேழு வயதில் அவளுக்கு வளைகாப்பு. அதற்கும் விதவிதமாகச் சோறு கிளறினார். வளையல் ஒன்றும் அந்தக் கையில் நிற்காமல், குழந்தை அளவு வாங்க ஆள் ஓடியது. பந்தியே சிரித்தது, மாஸ்டரும் சிரித்தார். பிரசவத்தில் செவந்தி பிழைத்தது மறுபிறப்பு, பிள்ளை தங்கவில்லை. பேர் வைக்கும் விருந்துக்கு அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

மாஸ்டர் கொல்லைப்பக்கம் போய் செல்போனைக் காதில் வைத்தார்.

"பத்து தொண்ணூத்தெட்டு, சைல்டுலைனுங்களா? ஆமாங்க, பதினாறு வயசுங்க... எம் பேரு எதுக்குங்க? வெரசா வாங்க. கேசரி கிண்டப் போறேன், சூடா இருக்கும்."

திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் கற்பூரம் காட்டி, அடுப்பைப் பற்றவைத்தார். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதல்லவா? காவ்யாவின் கண் நிறைந்துவிட்டது.

"பெரியப்பா!"

"போத்தா, போயி பள்ளிக்கூடப் பை எங்க கெடக்குன்னு தேடு."

கேசரி இறங்கும் நேரத்துக்கு ஜீப் வந்தது. "பொண்ணுக்குப் பத்தொம்பதுங்க மேடம்!" என்று குணசேகரன் குலசாமி மேல் சத்தியம் செய்தார். குலசாமிக்கே பொறுக்கவில்லைபோலும், ஒரு காற்று அடித்தது. காகிதம் பிய்ந்து பறக்க, சடங்கு வரி போன வருசத் தேதியோடு பல்லைக் காட்டியது.

அதிகாரி அம்மா நிதானமாகப் படித்தார். "அப்ப பதினெட்டு வயசுலதான் சடங்கு சுத்துனீங்களாக்கும்?"

குணசேகரன் தாய்மாமன்களை நிமிர்ந்து பார்த்தார். கூலிங் கிளாஸ்கள் கைகொடுக்கவில்லை. பள்ளிச் சான்றிதழ் வெளியே வந்தது. பதினெட்டு முடியாமல் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மாப்பிள்ளை வீட்டு வேன் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. அவ்வளவு தூரத்துக்கு நெய் வாசம் எட்டவில்லை.

"என்ன மாஸ்டர், ஒங்க அடுப்பு ராசி இப்படிப் பொய்யாப் போச்சே!" என்று தலையில் கைவைத்தார் குணசேகரன்.

மாஸ்டர் குனிந்து சிலிண்டரை மூடினார். பிறகு ஒரு தட்டில் கேசரியை வைத்து, முந்திரியைக் கொஞ்சம் கூடுதலாகவே பொறுக்கிப் போட்டு, பையைத் தோளில் மாட்டியபடி நின்ற காவ்யாவிடம் நீட்டினார்.