மாமனார் கையைப் பிடித்தவள்

கல்யாணமாகி உறுவையாறு கிராமத்துக்கு வந்த மறுநாள், மோட்டார்க் கிணற்றை எட்டிப் பார்த்து அலறிவிட்டேன். இடுப்பில் வடக்கயிறு கட்டிய ஒருத்தி தண்ணீரில் கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தாள். தவறி விழுந்தவள் என்று நினைத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். "யாரது? வுடு!" என்று உள்ளிருந்து ஓர் அதட்டல். குரல் என் நாத்தனாருடையது. எங்கள் ஊர் ஆறு பாதி வருஷம் மணலாகக் கிடக்கும். ஏரியில் பெண்பிள்ளை நீந்தினால் வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிடும். அதனால் கயிற்றின் மறுமுனையைக் குழாயில் கட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே மணிக்கணக்காக நீந்துவாள். அவளே கண்டுபிடித்த வழி அது. களையெடுக்கப் போகிறவர்கள் குனிந்து பார்த்து, "எம்மாந்தூரம் போயிட்டடி?" என்று கேலி செய்வார்கள். "கயித்த அவுத்தா தெரியும்" என்பாள். நாத்தனார் என்றால் குத்திக்காட்டவே பிறந்தவள் என்று சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். எனக்கோ இவளை அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

எழுபதுகளில் ஒரு வருஷம், கடலூரிலிருந்து புதுச்சேரிக் கடற்கரை வரைக்கும் கடலில் நீச்சல் போட்டி வைத்தார்கள். நாத்தனார் பெயர் கொடுத்துவிட்டாள். அதே சமயம் அரியூரிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. நீச்சலை விட்டால் பெண்ணை எடுத்துக்கொள்வார்களாம். மாமனார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "கரை சேந்துட்டா உன் இஷ்டம். இல்லன்னா கெணத்துப் பக்கமே போவக் கூடாது, அரியூரானுக்குக் கழுத்த நீட்டணும்." அவள் சரி என்று தலையாட்டினாள்.

நீந்துகிறவர் ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு படகு. எங்கள் படகில் படகோட்டி, நடுவர், மாமனார். கூட ஒரு பெண் வேண்டும் என்றார்கள். மாமியாருக்குக் கடலைப் பார்த்தாலே தலைசுற்றும், ஆகவே நான் ஏறினேன். அந்தக் காலத்தில் மருமகள் மாமனார் எதிரில் நிற்கவும் மாட்டாள், வாய் திறந்து பேசவும் மாட்டாள். நான் படகின் ஒரு கோடியில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். நடுவர் முதலிலேயே எச்சரித்திருந்தார்: முடிக்கும் வரை யாருடைய விரல் அவள்மேல் பட்டாலும் ஆட்டம் முடிந்தது. குளுக்கோஸ் தண்ணீரைக்கூடக் கம்பில் கட்டிய சொம்பில்தான் நீட்டினோம்.

பாதிக்கு மேல் வந்தபின் அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை முழுகி எழுந்தாள், தண்ணீரைத் துப்பினாள். "போதும்மா, வா கண்ணு" என்று மாமனார் குனிந்து கையை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் கேட்கவில்லை. கை அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது நான் பாய்ந்து இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "வுடுங்க மாமா! தொட்டீங்கன்னா அவ நீச்சலே போச்சு!" அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். "என் பொண்ணு போயிடுவாம்மா" என்று கெஞ்சினார். "போவமாட்டா. பாருங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு உயிரே இல்லை. அவள் செத்தால் நான்தான் கொன்றவள். அவளோ மல்லாந்து மிதந்து, தன் காலைத் தானே பிசைந்து, மறுபடி குப்புறத் திரும்பினாள்.

அந்தப் போட்டிக்குப் பிறகு வங்காளத்து ஆறுவரை போய் நீந்தி, அலமாரி கொள்ளாத அளவுக்குக் கப்பு வாங்கி வந்தாள். ஊர் அதையெல்லாம் மறந்துவிட்டது. என் கையை மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் என்னைக் காட்டி, "மாமனார் கையைப் புடிச்சவ" என்று கிசுகிசுக்கிறார்கள். ஆமாம், பிடித்தேன். இன்னா இப்போ? இன்னொரு தடவை வந்தாலும் பிடிப்பேன்.

அன்றைக்குக் கரையருகே எழுந்து நின்றவளுக்குக் கால் மடங்கிவிட்டது. தாங்கிப் பிடிக்க நாலு பேர் ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் படகிலிருந்து குதித்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றார் மாமனார். "எவனும் தொடாதீங்கடா! அவளே வருவா!" அலை புரட்டப் புரட்ட, முட்டி தேய, மணலில் தவழ்ந்து, முடிவெல்லையாக நட்டிருந்த கொடிக் கம்பத்தைத் தாண்டினாள். நடுவர் தலையசைக்கும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம் தகப்பனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இப்போ புடி, அப்பா."