லாரிக்கு மேல் ஐந்து வாத்துகள்

இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் படங்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அதற்குச் சம்பளம் வந்தது. துர்கா பூஜை முடிந்ததும் பெற்றோர்கள் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்து நன்றியும் சொன்னார்கள். கொல்கத்தாவின் பெஹாலாவில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ட்ராயிங் மிஸ். லேக் மார்க்கெட்டிலிருந்து தினமும் இரண்டு ஆட்டோ மாறிப் போய் வருவேன். ரயில்வே வேலைக்கு இந்த ஊருக்கு வந்த அப்பா, ‘படம் வரைவதெல்லாம் ஒரு வேலையா’ என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கொல்கத்தாவில் ட்ராயிங் டீச்சரின் திறமையை அளக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பாடாவிலும், அதாவது ஒவ்வொரு பேட்டையிலும், ஒரு கிளப் இருக்கும். அந்த கிளப் வருஷத்துக்கு ஒருமுறை சாமியானா போட்டு, பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்கார வைத்து ஓவியப் போட்டி நடத்தும். குடிசை, ஆறு, படகு, இரண்டு மலைக்கு நடுவில் சூரியன். இதையே சுத்தமாக வரையப் பழக்கினால் பரிசு நிச்சயம். என் பிள்ளைகள் கோப்பை கோப்பையாக வாங்கினார்கள். கடல் மட்டத்தில் கிடக்கும் இந்த ஊரில் பிறந்த குழந்தைகள் எங்கே இரண்டு மலையைக் கண்டார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

பள்ளிக்கூடத்துப் படங்களைச் சுவரில் மாட்டுவதற்கு முன் டீச்சர் ஒரு ‘ஃபினிஷிங்’ கொடுப்பதும் இங்கே வழக்கம். நாலைந்து இடத்தில் கறுப்புக் கோடு, மேகத்துக்குக் கொஞ்சம் வெள்ளை. எல்லா ட்ராயிங் டீச்சரும் செய்வதுதான். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. பிள்ளைகளே பிரஷ்ஷை நம் கையில் கொடுத்துவிட்டு நிற்பார்கள்.

ஒரு வருஷம் பொர்தி என்னைக் கூப்பிட்டார். தலைமை ஆசிரியையை இங்கே பொர்தி, பெரியக்கா, என்றுதான் சொல்வோம். “இந்தத் தடவை கண்காட்சிக்கு இயற்கைக் காட்சி வேண்டாம். பிள்ளைகள் தங்கள் பாடாவைப் பார்த்து வரையட்டும். என்ன குறை, என்ன செய்யலாம் என்று யோசிக்கட்டும். ஓவியம் நல்ல குடிமக்களை உருவாக்க வேண்டும்” என்றார். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் போய்ப் பிரசங்கமே செய்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் வரையுங்கள், பயப்படாமல் வரையுங்கள், ஒரு படம் பத்து மனுவுக்குச் சமம். இதெல்லாம் நான் சொன்னதுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்று எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

அந்த வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். மதுரைப் பக்கத்துக் குடும்பம், அப்பா அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. பெங்காலியில் கொட்டி முழக்குவாள். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள், அதுவும் பாதி பெங்காலிதான்.

“மிஸ், எங்க பாடாவுல ஒரு புகுர் இருக்கு. அதை மூடுறாங்க மிஸ்.”

புகுர் என்றால் குளம். அவள் வீட்டுப் பின்னால் இருந்த அந்தக் குளத்தில்தான் சுற்றியிருந்தவர்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், சரஸ்வதி பூஜை பொம்மையைக் கரைத்தார்கள். மத்தியானச் சோறு சாப்பிட்டுப் பேட்டையே கண்ணயரும் இரண்டு மணிக்கு ஒரு லாரி வந்து, இடித்த வீட்டின் செங்கல்லையும் காரைத் துண்டுகளையும் கொட்டிவிட்டுப் போகுமாம். தினம் ஒரு லாரிதான். மூணு மணிக்கு எல்லோரும் எழுந்து பார்க்கும்போது தண்ணீர் சலனமில்லாமல் கிடக்கும். கரை மட்டும் ஒரு முழம் உள்ளே வந்திருக்கும்.

பூஜை லீவு முழுக்க மொட்டை மாடியில் உட்கார்ந்து அவள் அதை வரைந்தாள். பெரிய சார்ட்டில் பச்சைத் தண்ணீர், பாதி கவிழ்ந்த லாரி, தூசி. ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. லாரியின் பின்பலகை கீழே தொங்குவதை அவ்வளவு சரியாகப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ‘இந்தக் குளம் இருக்க வேண்டும் என்பவர்கள் பெயர் எழுதவும்’ என்று பெங்காலியில் எழுதி, நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வகுப்பிலேயே பதினோரு பேர் பெயர் எழுதிவிட்டார்கள்.

“கண்காட்சிக்கு கவுன்சிலர் காகு வர்றார்ல மிஸ்? அவரே பார்த்துட்டா நிறுத்திருவார்.”

காகு, அதாவது சித்தப்பா, நிறுத்திவிடுவார் என்று அவள் முழுசாக நம்பினாள். நம்பச் சொன்னது நான்தானே.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் பொர்தி கண்காட்சி அறையைச் சுற்றி வந்தார். அந்தப் படத்தின் முன்னால் நின்றார். கோபப்படவில்லை. “பள்ளிக் கட்டட விரிவுக்கு அவரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படத்தை எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். பிள்ளை லீவெல்லாம் உட்கார்ந்து வரைந்த படம் வீணாகக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பிரஷ்ஷை எடுத்தேன்.

போஸ்டர் கலர் அடியில் இருப்பதை நன்றாகவே மறைக்கும். அரை மணி நேரத்தில் லாரி தண்ணீராகிவிட்டது. தூசி மேகமாயிற்று. லாரியின் சிவப்பு ஓரிடத்தில் மட்டும் விடாமல் கசிந்து வந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு வாத்து போட்டேன். ஒற்றை வாத்து நன்றாக இல்லையென்று இன்னும் நாலு. வெள்ளைத் தாளைக் கிழித்தெடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. கவுன்சிலர் அவள் தலையில் கை வைத்து, “உங்கள் பாடா இவ்வளவு அழகா!” என்றார். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பரிசை வாங்கிக்கொண்டு கும்பிட்டாள். நான் மற்றவர்களைவிட உரக்கக் கைதட்டினேன். கவுன்சிலர் அந்தப் படத்தைத் தன் ஆபீசுக்கு வேண்டுமென்று கேட்க, பொர்தி பூரிப்போடு கொடுத்தனுப்பினார்.

மூன்று மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

“டீச்சர், நாங்க அஞ்சாறு பொம்பளைங்க சேந்து கவுன்சிலர் ஆபீசுக்குப் போனோம். குளத்த மூடுறாங்கன்னு சொன்னா, அந்தாளு செவுத்தக் காட்டுறாரு. ‘உங்க பொண்ணு வரைஞ்சதுதான? தண்ணி தளும்புது, வாத்து நீந்துது. எங்க மூடுறாங்க?’ங்கறாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க டீச்சர். எனக்கு மானமே போச்சு. அங்க ஒரு வாத்துகூடக் கெடையாது. இவ எதுக்கு அப்பிடி வரைஞ்சா? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீங்களாச்சும் கேட்டுச் சொல்லுங்க.”

‘அது நான் போட்டது’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? “கேக்கறேம்மா” என்றேன். கேட்கவில்லை. எதைக் கேட்பது? அடுத்த வருஷம் அவள் ஓவியத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொண்டாள். நான் அவளைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தக் குளம் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. ஒருநாள் வேண்டுமென்றே அந்த வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

போன மாதம் லேக் மார்க்கெட்டில், நான் வழக்கமாகக் காப்பிப் பொடி வாங்கும் கடை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். கையில் கறிவேப்பிலை நீட்டிக்கொண்டிருந்த பை.

“நல்லா இருக்கீங்களா மிஸ்?”

“இருக்கேம்மா. பதினெட்டு ஆயிடுச்சா? ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேர்த்தாச்சா?” என்று வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது. எனக்கு இந்தப் பிரசங்கப் புத்தி இன்னும் போகவில்லை.

அவள் சிரித்தாள். அதற்குள் அம்மா கடையிலிருந்து வெளியே வந்துவிட்டார். “எங்க டீச்சர்! ஃபாரம் வாங்கி வச்சு ஆறு மாசமாச்சு, நெரப்ப மாட்டேங்குறா. படிச்ச புள்ள இப்பிடி இருக்கலாமா? அன்னிக்கு அந்த வாத்து வரைஞ்சாளே, அப்பவே நெனச்சேன், இவளுக்கு எதுலயும் அக்கறை கெடையாதுன்னு. இன்னிக்கும் அத வச்சுத்தான் இவளத் திட்டுறேன்.”

“அந்த வாத்து அவ போட்டதில்லைங்க. நான் போட்டது. அவ லாரிதான் வரைஞ்சிருந்தா. நான்தான் அழிச்சேன்” என்றேன். நாலு வருஷம் தொண்டையில் நின்றது, அவ்வளவு சாதாரணமாக வெளியே வந்துவிட்டது.

அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்டி, இத்தன நாளும் ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, விலை கேட்டால் பதில் சொல்வது மாதிரிதான் சொன்னாள்.

“சொன்னா மட்டும் என்னம்மா ஆயிருக்கும்?”

ஆட்டோ வந்தது, இருவரும் ஏறிப் போனார்கள். பதினோரு பெயர் எழுதிய அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. முதல் பெயர் அவளுடையதுதான்.