மாமாவின் கடிதங்களில் இருந்த இந்தியா

நாக்கால் தடவி ஒட்டிய கோந்தின் புளித்த வாசனையோடுதான் இந்தியா எங்கள் வீட்டுக்குள் வந்தது. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, குடும்பத்தோடு இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிப் போன பிறகு எழுதிய நீலக் கடிதங்களைப் பிரிக்கும்போது வரும் வாசனை அது. இந்தியா, இலங்கை என்று இரண்டு அரசாங்கங்களும் எங்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம். கண்டி நகரத்து மஹய்யாவயில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் "லைன்" வீடுகளில், யார் போவது, யார் இருப்பது என்பதே எந்நேரமும் பேச்சு.

அப்பாவும் அம்மாவும் கண்டித் தெருக்களைக் கூட்டிய நகரசபைத் தொழிலாளர்கள். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஊரே பெரஹெர ஊர்வலம் பார்த்துவிட்டு வீடு போன பிறகு, யானைச் சாணத்தையும் கடலைச் சுருளையும் அள்ளி, மறுநாள் அதே ஊர் செருப்பு அழுக்காகாமல் நடப்பதற்கு வீதியைத் தந்தவர்கள் அவர்கள்தான்.

எங்கள் லைனில் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததுமே "சொந்த ஊர்" சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். "திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா" என்று தொடங்கிக் கிராமத்தின் பெயர்வரை ஒரே மூச்சில் ஒப்பிப்போம். அப்பாவே கண்ணால் கண்டிராத ஊர் அது. தடுமாறினால், "நாளைக்கு ஆபிசர் கேட்டா என்னடி சொல்லுவ?" என்று அதட்டு விழும்.

பள்ளிக்கூடத்தில் இந்தியப் படம் வரையச் சொன்னபோது, வடக்கே பனிமலை, மேற்கே பாலைவனம், கிழக்கே கங்கை கடலில் கலக்கும் சேற்று நிலம், தெற்கே காவிரி என்று ஒன்று விடாமல் குறித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த புவியியல் டீச்சர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "உங்கட நாடெல்லோ, அதுதான் பிழை விடேல்லை" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "போன தவணை பிரேசிலையும் நல்லாத்தான் டீச்சர் வரைஞ்சேன். அதுவும் எங்க நாடா?" என்று கேட்டுவிட்டேன். பாடம் முடியும்வரை வகுப்புக்கு வெளியே நின்றேன். நின்றால் என்ன, கால் தேய்ந்தா போய்விட்டது!

கடைவீதியில், திருட்டுப் படகில் வந்தவன் என்று பொருள்பட, "கள்ளத்தோணி" என்று கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன அப்பா, இந்தியாவுக்குப் போகும் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தார். அம்மா கைநாட்டு வைப்பதுதான் மிச்சம். அம்மாவுக்கு எழுத்து வாசனை இல்லை. மாமாவின் கடிதங்களை அப்பாதான் வாசித்துக்காட்டுவார்: காவிரியில் தண்ணீர் கரை கொள்ளாமல் ஓடுகிறது, நீலகிரி அப்படியே நம்ம நுவரெலியா, ஆந்திராவில் பெரிய நூல் மில்லில் வேலை. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் நல்லாருக்கு" என்பார்.

விண்ணப்பம் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு, அப்பா வெளியே போயிருந்த பகலில், அம்மா ஆசைக்கு அந்தக் கடிதங்களை இன்னொரு தடவை என்னை வாசிக்கச் சொன்னார். அலுமாரியிலிருந்து எடுத்து வாசித்தால், அப்பா வாசிக்காத வரிகள் எத்தனை! கப்பல் இறங்கியவர்களை வைத்திருந்த மண்டபம் முகாமின் வெக்கையில் பிள்ளைக்கு அம்மை போட்டது. முசிறிக்குச் சொந்தக்காரர்களைத் தேடிப் போனால், "யாருப்பா நீங்க?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கோத்தகிரிக் குளிருக்குப் போர்த்தத் துணியில்லை. ஆந்திராவில் ஒரு வார்த்தை புரியவில்லை. கடைசிக் கடிதத்தில் மிச்சம் இருந்தது கடைசி வரி. அதை விட்டுவிட்டால் நாங்கள் கப்பலேறுவோம். வாசித்தால் வீடு இரண்டுபடும். வாசித்தேன். "இங்க எங்களுக்குப் பேரு சிலோன்காரன், தங்கச்சி. நீயாவது அங்கேயே இரு."

அன்று பின்னேரம் அப்பா மைப்பெட்டியோடு வந்தார். அம்மா கையை நீட்டவில்லை.

"கட்டுகலையில இருந்து கடைவீதி வரைக்கும் எந்தச் சாக்கடக் கான் எங்க அடைக்கும்னு எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டுக் கூட்டுவேன். ஒங்க முசிறியில எனக்கு என்ன தெரியும்? போறதுன்னா நீங்க போங்க."

"இங்க நமக்கு என்ன மரியாதை இருக்கு?" என்றார் அப்பா.

"அங்க இருக்குன்னு அண்ணன் எழுதலையே."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மைப்பெட்டியை மூடி வைத்தார். விண்ணப்பத்தையும் கொடுக்கவில்லை. எங்களை விட்டு அவரால் போகவும் முடியவில்லை. பாவம் அப்பா! மரியாதையாக வாழ ஆசைப்பட்டதைத் தவிர அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

இங்கேயே இருந்ததற்கு எங்களுக்கு மாலை போடவில்லை யாரும். வோட்டு இல்லாமல், எந்த நாட்டுக்கும் சேராத மனிதராக வருடக்கணக்கில் இருந்தோம். கடைசியில் பிரஜாவுரிமை தர வந்த அதிகாரி, "எத்தன வருஷமாம்மா இங்க இருக்கீங்க?" என்று கேட்டபோது அம்மா சொன்னார்: "நான் எங்கயும் போகலையே தம்பி. நீங்கதான் இப்ப வந்து கேக்குறீங்க."

இப்போது அந்த லைன் வீடுகளில் பல இடிபட்டு மாடி எழுந்துவிட்டது. தாலுகாவும் ஜில்லாவும் ஒப்பிக்க என் பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. அப்பா போய்விட்டார். பின்னாலேயே அம்மாவும் போய், மஹய்யாவ மயானத்தில், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மண்ணுக்குள் இருக்கிறார். இனி வரட்டும், எந்த அரசாங்கம் வந்து அம்மாவை எந்த நாட்டுக்கு அனுப்புகிறது, பார்ப்போம்.