எதிர் வசனம் வாசித்த யோகா அக்கா

கைபேசி கமராத் தாங்கியில் பூட்டியிருந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால், நிலத்தில் ஒட்டிய நாடாவின் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். ஓடிஷன் வீடியோவுக்காகப் பத்து மணிக்கு யோகா அக்கா வந்து, கமராவுக்குப் பின்னால் நின்று, எனக்கு எதிர்ப் பாத்திரத்தின் வசனம் வாசிப்பதாக இருந்தது. பத்தே காலுக்கு அவருடைய மகள் அழைத்தாள். "அன்ரி, அம்மா காலமை எழும்பேல்லை" என்றாள். நான் நாடாவை விட்டு அசையாமலே, "அப்ப எத்தினை மணிக்கு வருவா?" என்று கேட்டேன். அக்கா நித்திரையிலேயே போய்விட்டார் என்பது அவள் அழுதபோதுதான் புரிந்தது. அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ரொறன்ரோவில் தொலைக்காட்சி வேடங்களுக்காக அலையும் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நாங்கள் சந்தித்ததே ஒரு ஓடிஷனில்தான். ஜன்னல் இல்லாத அறை. மணப்பெண்ணின் தாய் வேடத்துக்கு ஏழு பேர், ஏழு பட்டுச் சேலை. ஒருவரையொருவர் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்தான் வாய் திறந்தார்: "ஏழு அம்மா இருக்கிறம், மகள் ஒண்டுதான். ஆருக்கும் ஊசி வேணுமோ?" என் கொசுவத்தை அவரே குத்திவிட்டார். வேடம் எங்கள் இருவருக்குமே கிடைக்கவில்லை.

பிறகு ஓடிஷன்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. நம்மை நாமே படம்பிடித்து அனுப்ப வேண்டும். புது வருடம் பிறந்ததும் பைலட் காலம், புதுத் தொடர்களின் மாதிரி அத்தியாயத்துக்கு ஆள் தேடும் மாதங்கள். பின்னேரம் வசனம் வரும், மறுநாள் மத்தியானத்துக்குள் வீடியோ போக வேண்டும். நான் பதறியடித்துக்கொண்டு பிக்கரிங்கிலிருந்து ரெயினும் பஸ்ஸுமாக டோர்செட் பார்க்கிலுள்ள அவர் வீட்டுக்கு ஓடுவேன். அவர் முதலில் பிரிட்ஜை நிறுத்துவார், அதன் இரைச்சல் பதிவில் விழும் என்று. திரும்பப் போட மறக்காமல் இருக்கத் தன் கார்ச் சாவியை அதற்குள் வைப்பார். நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தால் பேப்பரைப் பறித்துவிடுவார். "உம்மட வசனம் தன்ரபாட்டில வரும். மற்ற ஆள் என்ன சொல்லுதெண்டு கேளும். கேட்டால் முகம் தானா வேலை செய்யும்." இதை எத்தனை பேருக்கு என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லியிருக்கிறேன்!

போன வருடம் ஒரு வழக்கறிஞர் வேடம் வந்தது. எங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது அழுகிற தாய்தான். இந்தப் பெண்ணுக்குப் பெயர் இருந்தது, கோபம் இருந்தது, எல்லா அத்தியாயத்திலும் வேலை இருந்தது. இருவருக்கும் அதே வசனம். முதலில் அவர் எனக்கு வாசித்தார். காட்சியில் வரும் என் மகனாக அவர் பேசியபோது, நான் கமராவை மறந்து அவருக்கே பதில் சொன்னேன். பிறகு அவருடைய முறை. அழுகையை அடக்கி அவர் ஒரு கணம் நிறுத்திய இடத்தில், நான் மகனின் வசனத்தை முந்திக் கொண்டுபோய்ப் போட்டு அந்தக் கணத்தைக் குலைத்தேன். தெரிந்துதான் செய்தேன். "இன்னொருக்கா எடுப்பமோ?" என்றார். "ரெயினுக்கு நேரமாச்சு அக்கா" என்றேன். வேடம் எனக்குக் கிடைத்தது. பைலட்டோடு அந்தத் தொடர் நின்றுபோனது வேறு கதை.

அடுத்த ஓடிஷனுக்கு அவரைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. கூப்பிட்டேன், என் வீட்டுக்கே வந்தார். "அண்டைக்கு ரெயின் பிடிச்சனீரோ?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். "ஓம் அக்கா" என்றேன். "சரி, நில்லும்" என்று பேப்பரை எடுத்தார். எப்போதும் போல முழு மனதோடுதான் வாசித்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வருடம் இருந்தது. கேட்கவில்லை.

நேற்று ஒரு பெண் அழைத்தார். எனக்கு வந்த அதே வேடம் அவருக்கும் வந்திருக்கிறது, வாசிக்க ஆளில்லை. நேரமில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் போனேன். என்னைவிட நன்றாகச் செய்கிறார் என்பது முதல் வரியிலேயே தெரிந்து வயிறு எரிந்தது. பாதியில் அவர் பேச்சை நிறுத்திக் கண்ணைத் தாழ்த்தினார். என் வசனம் நாக்கு நுனியில் நின்றது. அவர் நிமிரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

யோகா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பொறுமை ஒன்றுதான். அதை அன்றைக்கு அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.