பட்டனைத் திட்டிய குரல்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில் மைக் இருந்தது. ஆனால் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் அம்மாளுக்கு அது தேவைப்படவில்லை. அதனால் அவருக்கே ‘மைக் அக்கா’ என்று பெயர் வந்துவிட்டது. குழந்தைகளின் அழுகை, இருமல், செல்போன் பேச்சு எல்லாவற்றையும் பிளந்துகொண்டு, “நாப்பத்திரண்டு! காது மூக்கு தொண்டை!” என்று ஒரு குரல் கொடுப்பார். வாசலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும் நாற்பத்திரண்டு, பாதி டம்ளரோடு ஓடிவரும். புதிதாக வேலைக்கு வந்த டாக்டர் ஒருவர், தன்னைத்தான் அதட்டிக் கூப்பிடுகிறார்கள் என்று பயந்து, எழுந்து வந்து வரிசையில் நின்ற கதையும் உண்டு.

பிறந்தபோது அக்கா அழவே இல்லையாம். நர்ஸ் தட்டியும் சத்தம் வரவில்லை. “அன்னைக்கு அடக்கி வச்சதை இன்னைக்கு வரைக்கும் வெளிய விட்டுக்கிட்டிருக்கா” என்பார் அவருடைய அம்மா. பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவில், “நீ வாயை மட்டும் அசைச்சா போதும்மா” என்று டீச்சர் சொல்லிவிட்டார். வருஷம் முழுக்க மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு வந்தபோது, பெண்ணுக்குக் குரல் கொஞ்சம் ஜாஸ்தி என்று யாரோ மாப்பிள்ளை காதில் போட்டார்கள். மாப்பிள்ளை சலூன் வைத்திருந்தார். சலூன்காரர் என்றால் வாய் ஓயாது என்பார்கள். இவரோ எண்ணி எண்ணிப் பேசுகிறவர். “நல்லதாப் போச்சு. ஒரு வீட்டுக்கு ஒரு குரல் போதும்” என்று முடித்துவிட்டார்.

வெளியே இப்படிக் கலகலப்பாக இருந்தாலும் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு குறை. “என் குரலைக் கேட்டு எழுந்து வர்றவங்க எல்லாரும் வலியோடதான் வர்றாங்க. எங்கேயோ சந்தோஷமாப் போறவங்க ஒரு நாளாவது என் குரலைக் கேக்கணும்” என்று கணவரிடம் சொல்வார்.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. நகரத்துக்குள் ஓடப்போகும் புதிய ரயிலில் அறிவிப்புக் கொடுக்கப் பொதுமக்களிடமிருந்தே குரல் தேடுகிறார்கள். செல்போனில் பேசிப் பதிவு செய்து, இணையதளத்தில் ஏற்றினால் போதும்.

லீவு நாளில் அக்கா துணி அலமாரியைத் திறந்து, எதிரொலி வராமலிருக்கப் புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்தார். “அன்பார்ந்த பயணிகளே, உங்களை இனிதே வரவேற்கிறோம்...” பாகு மாதிரி இழைந்தது குரல்.

போட்டுக் கேட்ட கணவர், “யாரு இது?” என்றார்.

“நான்தாங்க.”

“நம்ம வீட்ல இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லையே!”

அன்று மாலை, அனுப்பும் படலம் ஆரம்பமானது. பெயர், வயது, முகவரி எல்லாம் தட்டி முடித்ததும், கையெட்டும் இடத்தில் சிவப்பாக, கொழுகொழுவென்று ஒரு பட்டன் இருந்தது. இவ்வளவு லட்சணமான பட்டன் வேறு எதற்கு இருக்கும் என்று அக்கா அழுத்தினார். ‘உங்கள் விண்ணப்பம் ரத்து செய்யப்பட்டது.’ போட்டது எல்லாம் போச்சு.

மறுபடி முதலிலிருந்து தட்டினார்கள். இந்த முறை சிவப்பின் பக்கமே விரல் போகவில்லை. ‘உங்கள் குரலை இங்கே சேர்க்கவும்’ என்று ஒரு கட்டம். அதற்குள் ஒரு சின்னப் படம்.

“எதுக்குக் காளான் படம் போட்டிருக்கான்?” என்றார் கணவர். அக்கா காளானை அமுக்கினார். அது லேசாகச் சிவந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

கீழ் வீட்டில் இருந்த நாத்தனார் மேலே வந்தாள். பேங்கில் வேலை பார்ப்பவள். “இது என்ன பெரிய கம்பசூத்திரமா? குடுங்க அண்ணி” என்று போனை வாங்கினாள். கொஞ்ச நேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. “அட, ஏறிக்கிட்டிருக்கு அண்ணி! இதோ ஒரு கோடு நெளியுது பாருங்க, அதுதான் உங்க குரல். இனிமே அனுப்பற பட்டனை அமுக்கினா முடிஞ்சுது.”

“அது எங்க?”

அதுதான் எங்கேயும் இல்லை. மேலே இல்லை, கீழே இல்லை. மூலையில் ஒரு பொம்மை மட்டும் ‘உங்களுக்கு உதவட்டுமா?’ என்று கையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

“நீ சிரிச்சது போதும், பட்டனைக் காட்டு!” என்று அக்கா ஆஸ்பத்திரிக் குரலில் ஆரம்பித்தார். “ஏங்க, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்களேன். அங்க இல்ல, அங்க இல்ல! இந்தப் பட்டனை ஒளிச்சு வச்சவன் வீட்டுக் கதவுல கைப்பிடியே இல்லாமப் போகணும்! அவன் வீட்டு ஸ்விட்செல்லாம் கட்டிலுக்கு அடியில இருக்கணும்!”

“கோடு நல்லா எகிறுது அண்ணி, சீக்கிரம் ஏறிடும்” என்றாள் நாத்தனார்.

சலூன்காரர் போனை வாங்கினார். வாடிக்கையாளர் தோளில் விழுந்த முடியைத் தட்டிவிடுவதுபோல, அந்தச் சிரிக்கும் பொம்மையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பொம்மை நகர்ந்தது. அதன் முதுகுக்குப் பின்னால், வெள்ளையில் வெள்ளையாக, ‘அனுப்பு’ என்று ஒரு பட்டன் பதுங்கியிருந்தது. மூன்று பேரும் சேர்ந்து கூச்சல் போட்டுக்கொண்டே அதை அமுக்கினார்கள்.

சில வாரம் கழித்து, அக்கா மதியச் சாப்பாட்டில் இருந்தபோது போன் வந்தது. குரல் தேர்வுக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி. அந்தம்மாள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

“மேடம், அது காளான் இல்ல, மைக். நீங்க அதை அமுக்கினதுலேருந்து அங்க பேசினது எல்லாம் பதிவாயிருக்கு. நீங்க முன்னாடியே பதிவு செஞ்சது எங்களுக்கு வரவே இல்ல. பட்டனைத் தேடினதுதான் வந்துருக்கு.”

அக்காவுக்கு வாழ்க்கையில் இரண்டாவது முறையாகச் சத்தமே வரவில்லை. கைப்பிடி இல்லாத கதவு ஞாபகத்துக்கு வந்தது.

“எல்லாமா?” என்றார், கடைசியில்.

“எல்லாமும். அந்த இணையப் பக்கத்தைச் செஞ்சவர் இங்கதான் இருக்கார். அவருக்கும் போட்டுக் காட்டினோம்.”

ஓர் ஆண் குரல் குறுக்கே வந்தது. “மன்னிச்சுக்குங்க மேடம். எங்க ஆபீஸ் ஸ்கிரீன் பெருசு. அதுல அந்தப் பொம்மை ஓரமா நின்னுச்சு. போன்ல பட்டன் மேலயே ஏறி நிக்கும்னு நாங்க பாக்கவே இல்ல. உங்க வாயால கேட்டதும்தான் எடுத்துப் பாத்தோம். வந்ததுல பாதி இப்படித்தான் இருக்கு. ஒருத்தர் வீட்ல மிக்ஸி மட்டும்தான் ஓடுது.”

பக்கத்தைச் சரிசெய்து எல்லோருக்கும் மறுபடி அவகாசம் கொடுத்தார்கள். பொம்மைக்கு விடை கொடுத்தாயிற்று. ‘அனுப்பு’ பட்டன் ஆரஞ்சு நிறத்தில், குருடருக்கும் தெரியும் அளவில் வந்தது. அக்காவை மட்டும் நேராக ஒலிப்பதிவுக் கூடத்துக்கே வரச்சொன்னார்கள்.

அக்கா பாகுக் குரலில் வரவேற்புரையை வாசித்தார். அதிகாரி தலையை ஆட்டினார். “நல்லாருக்கு. ஆனா எங்களுக்கு அன்னைக்குத் திட்டினீங்களே, அந்தக் குரல் வேணும்.” வரவேற்பு வேறொரு பெண்ணுக்குப் போனது. ‘மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்’ மட்டும் அக்காவுக்கு.

வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். “சந்தோஷமாப் போறவங்களையும் நான் அதட்டத்தான் வேணுமா?”

கணவர் அன்று வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். “வரவேற்பை யாரும்மா காது குடுத்துக் கேக்கறாங்க? ஜன்னல் சீட் தேடிக்கிட்டிருப்பாங்க. நீ சொல்றதைக் கேட்டாத்தான் முழுசா ஊர் போய்ச் சேருவாங்க.”

ரயில் ஓட ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். தண்டவாளம் அதிர்ந்தது. கூரையிலிருந்து அக்காவின் குரல் இறங்கியது. காதில் ஹெட்போன் மாட்டியவர் உட்பட நடைமேடை முழுவதும் ஒரே எட்டில் பின்வாங்கியது. சுவரோரம் நின்ற சலூன்காரரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“நீங்க ஏங்க நகர்ந்தீங்க?”

“பழக்கதோஷம்” என்றார் அவர்.

நாத்தனார் சிரித்துச் சிரித்து உள்ளே ஏறுவதற்கே சிரமப்பட்டாள். ரயில் கிளம்பியது. அந்த வேறொரு பெண்ணின் குரல் எல்லோரையும் இனிதே வரவேற்றது. யாரும் கவனிக்கவில்லை. அக்கா மட்டும் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார்.

“நல்லாத்தான் பேசறா” என்றார், மெதுவாகவே.