அம்மாவின் குரல் இருந்த பெட்டி

நைனா வீட்டைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பூட்டுவார். செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. பக்கத்துக் கடை கரண்ட் கோளாறில் எரிந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். கடையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. சனிக்கிழமை சிங்கவரம் கோயிலுக்குப் போய் வந்து பார்த்தால், வெயில் காலத்தில் ஃபிரிஜ்ஜில் பால் திரிந்திருக்கும். அம்மா ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள்.

அப்படி ஒரு திட்டைத்தான் விளையாட்டாகச் செல்போனில் பதிந்து வைத்தேன். "இன்னாத்துக்கு மெயின நிறுத்திட்டு வர்றீங்க? பாலு மறுபடியும் போச்சு" என்று தொடங்கி, சிரிப்பும் இருமலுமாக முடியும். அந்த இருமல்தான் பிறகு அவளைக் கொண்டுபோனது. அவள் குரலென்று எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். நைனா தினமும் காலையில் காபியோடு அதை டிவியில் போடச் சொல்லிக் கேட்பார்.

போனை நம்ப முடியாதென்று, அவளுடைய படங்களையும் குரலையும் இரண்டு டிஸ்க் போட்ட ஒரு பெட்டியில் ஏற்றியிருந்தேன். டிஸ்க்கில் எதை எங்கே வைப்பது, எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொள்வது ஃபைல் சிஸ்டம். "பழசையே போடு, அது எத்தனையோ அடி வாங்கினது" என்றான் நண்பன். அவனைக் கிழவன் என்று கிண்டல் செய்துவிட்டுப் புதிதாக வந்த ஃபைல் சிஸ்டத்தைப் போட்டேன். கரண்ட் திடீரென்று போனாலும் தாங்கும், ஒரு எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடும் என்று படித்திருந்தேன். போன் செத்தபோதுகூட நான் கவலைப்படவில்லை.

சனிக்கிழமைதோறும் நைனா மெயினை இறக்கினார்; ஓடிக்கொண்டிருந்த பெட்டியும் சட்டென்று அணையும். ஒரு சனிக்கிழமை கோயிலிலிருந்து வந்து மெயினை ஏற்றியபோது பெட்டி எழவில்லை. நாள் கணக்காக மல்லுக்கட்டி ஒருவழியாகத் திறந்தேன். படங்கள் பாதி வந்தன. குரல் இருந்த ஃபைலின் பெயர் தெரிந்தது, ஆனால் திறக்கவில்லை. உள்ளே ஏதோ மாறியிருக்கிறது, கெட்டுப்போனதைத் தர மாட்டேன் என்றது அந்த ஃபைல் சிஸ்டம். எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தாகிவிட்டது. இதைத்தானே அதன் பெருமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் கெட்டுப்போயிருந்தா பரவால்லடா. கரகரன்னு வந்தாலும் அவதானே?"

"அப்டி குடுக்காது நைனா."

"நான் மெயின நிறுத்தினதாலயா?"

"இல்ல நைனா. டிஸ்க்கு பழசு."

டிஸ்க்குகள் புத்தம்புதிதாக வந்த அன்று அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கொடுத்ததே அவர்தான். எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை சிங்கவரம் கிளம்பும்போது அவர் கை வழக்கம்போல மெயின் சுவிட்சுக்குப் போனது. தொடாமல் இறங்கியது. கதவை மட்டும் பூட்டினார். திரும்பி வந்ததும் நேராகப் போய் ஃபிரிஜ்ஜைத் திறந்து, பால் பாத்திரத்தை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.