லாக்டேட் ஏறியதென்று சந்தோஷப்பட்டவள்

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். வெட்டுக்கு முன்னால் விவசாயிகள் வயலிலிருந்து நாலைந்து கரும்பு கொண்டுவருவார்கள். பிழிந்து, சாற்றைச் சோதித்து, ஒரு எண் எழுதித் தருவேன். நூறு கிலோ கரும்புக்கு எத்தனை கிலோ சர்க்கரை தேறும் என்று அது சொல்லும். ஆலையில் அதற்கு ரெக்கவரி என்று பெயர். எட்டு என்றால் முகம் சுருங்கும். பத்து என்றால் எனக்கே டீ வாங்கித் தருவார்கள். எண் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்பது என் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால், ஆஸ்பத்திரியில் நான் நடந்துகொண்டதைப் படிப்பவர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கல்லூரி முகாமுக்காகக் கல்வராயன் மலைக்குப் போனவளின் பாதத்தில் மூங்கில் சிலாம்பு ஏறியிருக்கிறது. அவளே பிடுங்கிப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அடுத்த இரண்டு நாளும் மலையில் ஏறி இறங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல். நான் மாத்திரை கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் பேச்சு குழறியது. கை ஐஸ் மாதிரி இருந்தது. அப்போதுதான் பாதத்தைப் பார்த்தேன். வீங்கிக் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நேராக ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். "செப்சிஸ்" என்றார். காலில் இருந்த தொற்று ரத்தம் வழியாக உடம்பெல்லாம் பரவிவிட்டது, சிறுநீரகம் சுணங்குகிறது என்றார். "பிழைச்சிடுவாளா?" என்று கேட்டேன்.

"இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா. ரத்தத்துல லாக்டேட்னு ஒன்னு பாப்போம், ப்ரோகால்சிடோனின்னு ஒன்னு பாப்போம். அந்த எண்ணு போற போக்க வெச்சுத்தான் ஓரளவு சொல்லலாம்."

எந்தப் பக்கம் போனால் நல்லது என்றும் சொல்லியிருப்பார். என் காதில் விழுந்தது 'எண்' என்பது மட்டும்தான். முதல் லாக்டேட் நாலு புள்ளி இரண்டு.

மத்தியானம் கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். "லாக்டேட் அஞ்சு புள்ளி ஆறும்மா."

"ஏறிடுச்சா!" என்று அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "நல்லா இருப்ப, தாயி. உன் கை ராசி."

அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் என் கணவரிடம் ஓடினேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஐந்து புள்ளி ஆறு, நாலு புள்ளி இரண்டைவிடப் பெரியது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: 'ஏறியிருக்கிறது. கடவுளுக்கு நன்றி.' சொந்தக்காரர்கள் பூவும் கும்பிடும் கையுமாக அனுப்பிக் குவித்தார்கள்.

கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். நர்ஸ் சொல்லியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, லாக்டேட் ஏறக் கூடாது. உடம்புக்கு ஆக்சிஜன் சரியா போய்ச் சேரலன்னா அது ஏறும். இப்ப காலைல இருந்தத விட மோசமா இருக்குது."

இருபது வருடமாக விவசாயிகள் என்னிடம் செய்வதையெல்லாம் அவரிடம் செய்ய ஆரம்பித்தேன்.

"சாம்பிள் எப்ப எடுத்தீங்க? எடுத்து எவ்ளோ நேரம் தட்டுல கெடந்துச்சு? ஐஸ்ல வெச்சீங்களா? மிஷின சரி பாத்து எத்தினி நாளாச்சு?"

அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்குப் போதவில்லை.

"எங்க எடுத்தீங்க?"

"கையிலம்மா."

"கால்ல எடுத்துப் பாருங்க."

அடிக்கரும்பு இனிக்கும், நுனி சப்பென்றிருக்கும். நுனியைப் பிழிந்துவிட்டு எண்ணைக் குறைத்துவிட்டேன் என்று என்னோடு சண்டை போடாத விவசாயி இந்தப் பக்கம் கிடையாது.

"புண்ணே கால்லதானம்மா இருக்குது" என்றார் பின்னால் நின்ற நர்ஸ்.

ஆனாலும் டாக்டரம்மா கையிலேயே இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். ஐந்து புள்ளி ஐந்து வந்தது. "ஒரு புள்ளி கம்மி ஆயிடுச்சு பாருங்க" என்றேன். "அது மிஷினோட ஆட்டம்மா" என்றார். எனக்குத் தெரியும். அதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் வடக்கனந்தல் பக்கத்து விவசாயி ஒருவர் வராந்தாவில் என்னைப் பார்த்துவிட்டார். அவர் அம்மா பொது வார்டில் இருந்தார். போன வாரம்தான் அவருடைய மறுதாம்புக்கு, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி முளைத்த கரும்புக்கு, எட்டு எழுதி அனுப்பியிருந்தேன்.

"இன்னா மேடம், இங்க உக்காந்துக்கினு இருக்கீங்க? பாப்பாவுக்கா? ரெக்கவரி எப்படிக்கீது?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். என் வாயில் எண் வந்துவிட்டது. "அஞ்சரை."

"அஞ்சரையா! எங்க மறுதாம்புக்கே எட்டு போட்டீங்களே!"

"இது எறங்கணுங்க. எறங்குனாத்தான் நல்லதாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இனிமே எங்க கரும்ப இங்கயே கொண்டாந்து குடுத்துடறோம் மேடம். இவங்க கணக்குதான் எங்களுக்குத் தோது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே மகள் அப்படிக் கிடக்க, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் பயந்துபோய் டீ வாங்கிவந்தார்.

அடுத்து தியாகதுருகத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தார். என் கணவருக்கு மூத்தவர். குழுவில் போட்டதைப் பார்த்து நேராகக் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

"பத்து வந்தா பொங்க வெக்கிறேன்னு வேண்டிக்கினு வந்துட்டேன், கவலப்படாத."

"அய்யோ அண்ணி! ஏறக் கூடாதாம். எறங்கணுமாம்!"

"இன்னாடி சொல்ற? இப்பதான ஏத்தி வுடுன்னு அழுதுட்டு வந்தேன். திரும்பப் போயி எறக்கி வுடுன்னா சாமி இன்னா நெனைக்கும்?"

"இன்னா வேணா நெனைக்கட்டும் அண்ணி. நட சாத்தறதுக்குள்ள போய் மாத்திச் சொல்லிடுங்க. உங்க கால்ல வுழறேன்."

"சரி சரி, அழுவாத. எத்தினிக்கு எறங்கணும்?"

"ரெண்டுக்குக் கீழ."

"ஒன்னே முக்கால்னு சொல்லிடட்டா?"

"வேணாம் அண்ணி. ரெண்டுக்குக் கீழன்னே சொல்லுங்க. சாமிக்குக் கொஞ்சம் எடம் குடுங்க."

நான் விஞ்ஞானம் படித்தவள். அன்று அவர் கோயிலுக்குப் போய் மாற்றிச் சொல்லிவிட்டதாக மறுபடி போன் வரும்வரை என்னால் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலையில் மூன்று புள்ளி எட்டு. என் கணவர் குழுவில் போட்டார். உடனே ஆறுதல் வந்து குவிந்தது. 'மனசத் தளர விடாதீங்க.' 'நாளைக்குக் கண்டிப்பா ஏறும்.' களமருதூர் சித்தப்பா அழுகிற முகமாக வரிசையாக ஏழெட்டு அனுப்பினார். என் கணவர் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார், "முன்னால மைனஸ் போட்டுடட்டுமா? மைனஸ் அஞ்சரையிலேர்ந்து மைனஸ் மூனே முக்கால். அப்ப ஏறுற கணக்குதான்."

கிண்டல் இல்லை. அவர் கண் சிவந்திருந்தது. நான் போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன்.

அதற்கு மறுநாள் ஒன்று புள்ளி ஒன்பது. தொற்றின் அளவைக் காட்டும் ப்ரோகால்சிடோனினும் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எண்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. மகள் மட்டும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள், யாரையும் பார்க்கவில்லை. ஏதேதோ உளறினாள். "எண்ணு நல்லா இருக்குதே டாக்டர், அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

"எண்ணு, இப்படி ஆவலாம்னுதாம்மா சொல்லும். ஆவும்னு சொல்லாது. மூளை தெளிய நாளாவும். சில பேருக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "உள்ள போய்ப் பாருங்க. பத்து நிமிஷம்."

இறக்கிப் பார்க்க இனி எண் எதுவும் மிச்சமில்லை. கும்பிடுவதற்கும் சண்டை போடுவதற்கும் ஒன்றுமில்லாமல் அவள் பக்கத்தில் போய் நின்றேன். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்தாள். மரியாதையாகப் பேசினாள்.

"மேடம், வூட்டுக்குப் போவணும். லீவு வேணும்."

"உங்கள விடுதி வார்டன்னு நெனைச்சுக்கினு இருக்கா" என்று நர்ஸ் என் காதில் சொன்னார். "காலைலேர்ந்து இதேதான். எங்கிட்டயும் கேட்டா. சரின்னு சொல்லிடுங்க, அடங்கிடுவா."

குனிந்து அவள் நெற்றியைத் தொட்டு, "சரிம்மா, போய்ட்டு வா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. யாரிடம், எந்த இடத்தில், என்ன சொல்லிவிட்டேன்.

"இல்ல!" என்று கத்தினேன். "லீவு கெடையாது! எங்கயும் போவக் கூடாது!"

நர்ஸ் திடுக்கிட்டு என் தோளைப் பிடித்தார். மகள் கெஞ்சினாள்.

"ஒரு நாள் மேடம்."

"அரை நாள்கூடக் கெடையாது."

"லெட்டர் எழுதித் தரேன்."

"எழுதுனாலும் கெடையாது. இங்கதான் இருக்கணும்."

"அப்பாவ வந்து பேசச் சொல்றேன்."

"யாரு வந்து பேசுனாலும் வுடமாட்டேன்."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். மூன்று நாளாக அந்த முகத்தில் நான் பார்க்காத கோபம் அது. மெல்லத் தலையைத் திருப்பி நர்ஸிடம் சொன்னாள், "இந்த வார்டனுக்கு எங்கம்மாவே தேவலாம் சிஸ்டர்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் தெளிந்து என்னை அடையாளம் கண்டது அதற்கு மறுநாள்தான். அன்றைக்கு நான் வார்டனாகவே இருந்தேன். நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பும்வரை லீவு கொடுக்கவில்லை.